ரெண்டு கட்டம்

ஸ்டான்லியில் சீட்டு எழுதியவர்
அப்பாவின் பெயரை இரண்டாம் முறை கேட்கவில்லை.
பெஞ்சலய்யா
பென்சிலய்யா ஆகிக் கட்டிலுக்கு வந்தார்.
வலது கை எழவில்லை,
வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது.

ஒன்பதாம் நாள்
பேச்சுப் பயிற்சிக்கு வந்த ஹெப்சிபாவிடம்
ஒரு கட்டுப் படச்சீட்டு இருந்தது.
கோடு போட்ட தாளில் ரெண்டு கட்டம்:
தமிழ், வீட்டு மொழி.
எது எதில் திரும்பி வருகிறதென்று
பார்க்கவேண்டுமாம்.
பக்கத்துலயே இருங்க, நீங்கதான் சொல்லணும், என்றாள்.

குடை.
கொடுகு, என்றார் அப்பா.
வீட்டு மொழியில் ஒரு கோடு.

பூனை.
வெகுநேரம் பார்த்தார்.
இடது கையால் மீசையைத் தடவினார், தன் மீசையை.
வரவில்லை.

உப்புப் பாக்கெட்.
உப்பு.
இது எந்தக் கட்டம்?
ரெண்டுலயும் மேடம்.
ரெண்டுலயும் உப்புதானா, என்று
பேனா மூடியைக் கடித்தாள்.

ஜன்னல்.
ஜன்னல், என்றார், சுத்தமாக.
தமிழ் என்று எழுதப் போனவளைத் தடுத்தேன்.
நெல்லூரில் அதைக் கிட்டிகி என்பார்கள்.
எங்கள் கொருக்குப்பேட்டைச் சந்துக்குக்
கிட்டிகி வந்துசேரவே இல்லை.
கொசு வருகிறதென்று அம்மா கத்துவதும்
ஜன்னல் மூய்யி என்றுதான்.
அப்போ தெலுங்கா?
எங்கம்மா கத்துனா தெலுங்குதான் மேடம்.
ஏதோ கப்பல்காரன் இறக்கிவிட்டுப் போன சொல் என்று
காலேஜில் படித்தேன்.
அவனுக்கு உங்கள் தாளில் கட்டம் இல்லையே.

சட்டை காட்டினாள்.
சொக்கா.
ராயபுரத்துக்காரி, சிரித்துவிட்டாள்.
எங்க மாமாவும் சொக்காய் எங்கன்னுதான் கேப்பாரு.
நாங்கள் கொடுத்ததா, நீங்கள் எடுத்துக்கொண்டதா,
லாரித் தண்ணிக்கு நின்ற வரிசையில்
யார் குடம் முந்தியது என்று
இப்போது யாரைப் போய்க் கேட்பது.

கடைசிச் சீட்டு, வீடு.
ஓட்டுக்கூரை, ஒரு கதவு, பக்கத்தில் தென்னை,
யாருமே குடிபோகாத படத்து வீடு.
இல்லு, என்றார் அப்பா.
இல்லையா? இருக்கே ஐயா, நல்லாப் பாருங்க.
இல்லு.
இருக்கு ஐயா, இதோ கதவு.
இல்லு, இல்லு,
கட்டில் கம்பியில் ஓங்கித் தட்டினார்.

மாசியில்,
ரயில்வே இடமென்று எங்கள் வரிசையை இடித்தார்கள்.
கதவை மட்டும் கழற்றி
மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம்.
அத்தை வீட்டு மொட்டைமாடியில்
சுவரில் சாய்ந்து நிற்கிறது அது,
தாழ்ப்பாளோடு.

ரெண்டு மொழியிலும் சரியாத்தான் சொல்றார் என்று
சொல்ல வந்தேன்.
தெலுங்கு மேடம், கோடு போட்டுக்குங்க, என்றேன்.

அன்று ராத்திரி
பக்கத்துக் கட்டில் கவுஸ் பாஷா வலியில் முனகினார்.
டார்ச் அடித்து நர்ஸ் கேட்க
பர்வா நை, என்றார்.
பரவாயில்லையா, சரி, தூங்குங்க, என்று
அவர் அடுத்த வார்டுக்குப் போனார்.
இருட்டில் இன்னொரு குரல்,
யாரும் படம் காட்டாமலே,
பர்வாலேது.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.
பர்வா, கவலை.
குதிரையிலோ தோணியிலோ எங்கிருந்தோ வந்தது,
மூன்று பேரும் கடன் வாங்கியது.
இல்லையை மட்டும்
அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள்.

காலையில் ஹெப்சிபாவிடம் சொன்னேன்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
ரெண்டு கட்டத்துக்கும் வெளியே,
ஸ்டேப்ளர் பின்னுக்குக் கீழே இருந்த இடத்தில்
எழுதிக்கொண்டாள்,
ஒரு எழுத்து தப்பாக.

பூனை இன்னும் வரவில்லை,
எதிலும்.